மைநேதா.இன்ஃபோ: நம்ம எம்.எல்.ஏ.வைப் பற்றி இங்கே எது கிடைக்கும், எது கிடைக்காது

நம்ம தொகுதி எம்.எல்.ஏ. என்ன படித்திருக்கிறார், எவ்வளவு சொத்து காட்டியிருக்கிறார், அவர் மேல் வழக்கு ஏதாவது இருக்கிறதா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கைகாட்டுவது மைநேதா.இன்ஃபோ தளத்தைத்தான். காசு கிடையாது. மாநிலம், தேர்தல் வருடம், மாவட்டம், தொகுதி என்று இறங்கிப் போனால் அங்கே போட்டியிட்ட அத்தனை பேரும் ஒரே பட்டியலில் வந்துவிடுகிறார்கள். வென்றவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சையில் குறிப்பு இருக்கும், வழக்கு உள்ளவர்களின் வழக்கு எண்ணிக்கை சிவப்பில் பெரிதாகத் தெரியும். ஒருவரின் பின்னணியைத் தெரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் அவர் எந்த விஷயத்தில் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று தெரிய வேண்டுமானால் இங்கே எதுவும் கிடைக்காது, அந்தக் குறைக்கு இந்தத் தளத்தைவிட நம் சட்டமன்றம் நடக்கும் விதம்தான் பெரிய காரணம்.

முதலில் இந்தத் தகவல் எங்கிருந்து வருகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரியாமல் படித்தால் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு அதிகம். வேட்புமனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இது சும்மா கிடைத்த உரிமை இல்லை. 1999இல் அகமதாபாத் ஐ.ஐ.எம். பேராசிரியர்கள் சிலர் ஜனநாயகச் சீர்திருத்தச் சங்கம், அதாவது ஏ.டி.ஆர்., என்ற அமைப்பைத் தொடங்கி டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2002 மே 2ஆம் தேதி, வேட்பாளரின் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் தெரிந்துகொள்வது வாக்காளரின் உரிமை என்று தீர்ப்பு வந்தது. உடனே மத்திய அரசு அவசரச் சட்டம் போட்டு, பிறகு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 33பி என்று ஒரு பிரிவைச் சேர்த்து, நீதிமன்றம் என்ன சொன்னாலும் இந்தச் சட்டத்தில் உள்ளதைத் தாண்டி வேட்பாளர் எதுவும் சொல்லத் தேவையில்லை என்றது. 2003 மார்ச் 13இல் அந்தப் பிரிவையும் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் 2006 தேர்தல்தான் இந்த ஏற்பாட்டின் கீழ் நடந்த முதல் சட்டமன்றப் பொதுத்தேர்தல். வழக்குப் போட்ட அதே ஏ.டி.ஆர்.தான் இந்தத் தளத்தையும் நடத்துகிறது, தேர்தல் ஆணையம் வெளியிடும் பத்திரங்களை ஒவ்வொன்றாகப் படித்துத் தகவலாக ஏற்றுகிறது.

அதாவது இங்கே இருப்பது வேட்பாளர் தானே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. தளம் அதைச் சரிபார்த்துச் சான்று கொடுக்கவில்லை. இதை மறந்துவிட்டு “தளத்திலேயே போட்டிருக்கிறதே” என்று சண்டை போடுகிறவர்களைத் தேர்தல் நேரத்தில் நிறையப் பார்க்கலாம்.

ஒரு வேட்பாளரின் பக்கத்தைத் திறந்தால் எனக்கு மிகவும் பிடித்தது, இதே நபர் முந்தைய தேர்தல்களில் என்ன காட்டினார் என்று சொல்லும் ஒரு சின்னப் பெட்டி. 2011, 2016, 2021 மூன்றிலும் நின்றவர் என்றால் ஒவ்வொரு முறையும் காட்டிய சொத்தும் வழக்கு எண்ணிக்கையும் அடுத்தடுத்த வரியில் இருக்கும். பத்து வருடத்தில் ஒருவரின் நிலைமை எப்படி மாறியது என்று கண்டுபிடிக்க முன்பெல்லாம் பழைய பத்திரங்களைத் தேடி அலைய வேண்டியிருந்தது. சொத்து பெருகியிருந்தால் உடனே தப்பு என்று நினைக்க வேண்டாம், பரம்பரை நிலம் இருக்கிற ஊர்ப்பக்கம் புறவழிச்சாலை வந்தாலே மதிப்பு பல மடங்காகிவிடும். வாங்கிய தேதி, வாங்கிய விலை, இன்றைய மதிப்பு மூன்றும் படிவத்திலேயே தனித்தனியாகக் கேட்கப்படுகிறது, அதையும் சேர்த்துப் படித்தால்தான் பெருகியது புதிதாக வாங்கியதாலா அல்லது இருந்த நிலத்தின் விலை ஏறியதாலா என்று தெரியும்.

இன்னொரு நல்ல வேலை, கூட்டுத்தொகை. வேட்பாளர் பத்திரத்தில் எழுதிய மொத்தம் ஒரு வரியிலும், தளம் ஒவ்வொரு இனத்தையும் தானே கூட்டிப் போட்ட மொத்தம் அடுத்த வரியிலும் இருக்கும். இரண்டும் ஒத்துப்போகாத பக்கங்களும் உண்டு. பத்திரம் தெளிவாக வாசிக்க முடிந்ததா இல்லையா என்றும் ஒரு குறிப்பு போட்டிருப்பார்கள். கையால் எழுதி, மங்கலாக ஸ்கேன் செய்து ஏற்றப்பட்ட பத்திரங்களைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறிப்பு எவ்வளவு நேர்மையானது என்று புரியும். 2021 தேர்தலுக்குப் பிறகு ஏ.டி.ஆர். தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.க்களைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில் 234 பேரில் 224 பேரைத்தான் அலச முடிந்தது, மீதிப் பத்துப் பேரின் முழுமையான, தெளிவான பத்திரம் அப்போது கிடைக்கவில்லை என்று அவர்களே சொன்னார்கள். ஓட்டுப் போட்டு முடித்து, முடிவும் வந்த பிறகு இந்த நிலைமை என்றால், ஓட்டுப் போடுவதற்கு முன்னால் வாக்காளர் எதைப் பார்த்து முடிவு செய்வார்? எனக்கு இது உண்மையிலேயே கோபம் வரவைக்கிற விஷயம்.

அந்த 224 பேரில் 134 பேர் தங்கள் மேல் வழக்கு இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். செய்திகளில் இந்த எண் பெரிதாக ஓடியது. இங்கேதான் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் பக்கத்தை மூடிவிடாமல் கீழே இறங்கிப் போகச் சொல்கிறேன், எந்தப் பிரிவில் வழக்கு என்று கீழே விவரம் இருக்கும். இந்திய தண்டனைச் சட்டம் 143 சட்டவிரோதமாகக் கூடியது, 188 அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது, 341 வழிமறித்தது. தமிழ்நாட்டில் எதிர்க்கட்சியாக இருந்து சாலை மறியலோ ஆர்ப்பாட்டமோ நடத்திய யாரைக் கேட்டாலும் இந்த மூன்று எண்ணையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். தண்ணீர் வரவில்லை என்று ரோட்டில் உட்கார்ந்ததற்குப் போட்ட வழக்கும், 420 மோசடி வழக்கும், 307 கொலை முயற்சி வழக்கும் எண்ணிக்கையில் ஒவ்வொன்றாகத்தான் கூட்டப்படும். கடுமையான வழக்குகளை ஏ.டி.ஆர். தன் அறிக்கைகளில் தனியாகப் பிரித்துக் காட்டுகிறது, அது நல்லது. ஆனால் தொகுதிப் பட்டியலில் முதலில் கண்ணில் படுவது மொத்த எண்ணிக்கைதான், அதனால் போராட்டம் நடத்தியவருக்கும் நில அபகரிப்பு வழக்கில் சிக்கியவருக்கும் ஒரே சிவப்பு. இதை மட்டும் அவர்கள் மாற்றினால் தளத்தின் மதிப்பு எங்கேயோ போய்விடும்.

கூடவே ஒரு விஷயம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டதால் புதிய வழக்குகளில் எண்கள் மாறிவிட்டன, பழைய 188 இப்போது 223, பழைய 341 இப்போது 126(2). பழைய வழக்கு பழைய எண்ணிலும் புது வழக்கு புது எண்ணிலும் ஒரே பத்திரத்தில் கலந்து வரும், பார்த்துப் படியுங்கள்.

சொத்து விவரத்தில் நில மதிப்பு வேட்பாளரின் கணிப்பு. சர்வே எண் பத்திரத்தில் இருந்தால், தமிழ்நாடு பதிவுத்துறையின் தளத்தில் அந்தச் சர்வே எண்ணைப் போட்டு அரசு வழிகாட்டி மதிப்பை நீங்களே பார்க்கலாம், அதற்கும் காசு இல்லை. வழிகாட்டி மதிப்பே பல இடங்களில் சந்தை விலையைவிடக் குறைவு, அதைவிடவும் குறைவாக ஒருவர் காட்டியிருந்தால் கேள்வி கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2019இல் படிவத்தைத் திருத்தி, கடைசி ஐந்து வருட வருமான வரிக் கணக்கு, வெளிநாட்டுச் சொத்து இரண்டையும் சேர்த்தார்கள். அந்த ஐந்து வருட வருமானத்தையும் அதே காலத்தில் வாங்கிய சொத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் என் கணக்கில் மொத்தப் பத்திரத்திலும் பயனுள்ள பயிற்சி. மறுபக்கம், 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேச எம்.எல்.ஏ. ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், குறிப்பிட்டுச் சொல்லும் அளவு மதிப்பில்லாத ஒவ்வொரு அசையும் பொருளையும் வேட்பாளர் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லை என்று சொல்லிவிட்டது. அதனால் பைக் காட்டவில்லை, கைக்கடிகாரம் காட்டவில்லை என்று துருவுவதில் பெரிய பயன் இல்லை.

சரி, தேர்தல் பகுதிக்கு வருவோம். நான் நெல்லைக்காரன் என்பதால் எங்கள் பக்கத்து ராதாபுரத்தையே எடுத்துக்கொள்கிறேன். மு. அப்பாவு, முன்னாள் ஆசிரியர். 1996இல் தமிழ் மாநில காங்கிரஸ் (த.மா.கா.) சார்பில், 2001இல் சுயேச்சையாக, 2006இல் தி.மு.க. சார்பில் என்று ஒரே தொகுதியில் மூன்று விதமாக நின்று மூன்று முறையும் வென்றவர். கட்சிச் சின்னம் இல்லாமல் தமிழ்நாட்டில் ஒரு சட்டமன்றத் தொகுதியில் ஜெயிப்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கே தேர்தல் பார்த்த எல்லோருக்கும் தெரியும். 2016இல் அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் 49 ஓட்டில் தோற்றார். 203 தபால் ஓட்டுகளைச் செல்லாது என்று ஒதுக்கியதுதான் தகராறு, அவற்றுக்குச் சான்றொப்பம் போட்ட பள்ளித் தலைமையாசிரியருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்பது கேள்வி. வழக்கு நடந்து 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் கடைசி மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. எண்ணினார்கள், ஆனால் முடிவை அறிவிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது, அப்படியே அந்தப் பேரவையின் காலம் முடிந்துபோனது. 2021இல் அதே இருவரும் மோதி அப்பாவு வென்றார், பேரவைத் தலைவரும் ஆனார்.

இவ்வளவு பெரிய கதையில் மைநேதா பக்கத்தில் என்ன தெரியும்? 2016 பட்டியலில் இன்பதுரை பெயருக்குப் பக்கத்தில் வென்றவர் என்ற குறிப்பு, 2021 பட்டியலில் அப்பாவு பெயருக்குப் பக்கத்தில் அதே குறிப்பு. நடுவில் ஐந்து வருடம் ஒரு தொகுதியே நீதிமன்ற வாசலில் நின்றது இங்கே பதிவாகவில்லை. 1996க்கும் 2001க்கும் பிரமாணப் பத்திரமே கிடையாது என்பதால் அந்தக் காலச் சொத்து விவரத்தையும் எதிர்பார்க்க முடியாது. வாக்கு வித்தியாசம், வாக்கு சதவீதம் வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் முடிவு அறிக்கைகளுக்குத்தான் போக வேண்டும். 2021இல் தியாகராய நகரில் 137 ஓட்டு, மொடக்குறிச்சியில் 281 ஓட்டு என்று நூலிழையில் முடிந்த தொகுதிகள் உண்டு. இப்படி வென்ற எம்.எல்.ஏ.வும் ஐம்பதாயிரம் ஓட்டில் வென்றவரும் தொகுதியில் நடந்துகொள்கிற விதமே வேறாக இருக்கும், அதனால் வித்தியாசத்தை ஒரு வரியாகவாவது போட்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றும்.

இப்போது கொள்கை. என் பெரிய ஆதங்கம் இங்கேதான்.

2023 ஏப்ரல் 21ஆம் தேதி தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா நம் பேரவையில் நிறைவேறியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்க வழி செய்யும் மசோதா. தி.மு.க.வின் கூட்டணிக் கட்சிகளான காங்கிரஸ், வி.சி.க., இரண்டு கம்யூனிஸ்ட் கட்சிகள் எல்லாம் எதிர்த்தன, வெளிநடப்பும் செய்தன. ஆனாலும் குரல் வாக்கெடுப்பில் மசோதா நிறைவேறிவிட்டது. தொழிற்சங்கங்கள் கொந்தளித்தன, மூன்றே நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். லட்சக்கணக்கான தொழிலாளர்களின் வேலை நேரத்தை மாற்றக்கூடிய ஒரு மசோதா. அன்று என் எம்.எல்.ஏ. “ஆம்” என்று குரல் கொடுத்தாரா, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாரா, அவைக்கே வரவில்லையா? திருப்பூரிலோ ஓசூரிலோ ஷிப்டு முடிந்து வரும் ஒருவர் இதைத் தெரிந்துகொள்ள எந்தத் தளத்திலும் வழி இல்லை, ஏனென்றால் குரல் வாக்கெடுப்பில் பெயர்வாரியாக எதுவும் எழுதி வைக்கப்படுவதில்லை. கட்சி எந்தப் பக்கம் என்பது மட்டும்தான் நமக்கு மிஞ்சுகிறது.

பெயர்வாரியாகத் தெரிந்த வாக்கெடுப்புகள் மிக அரிது. 2017 பிப்ரவரி 18இல் எடப்பாடி பழனிசாமி நம்பிக்கை வாக்கு கோரியபோது உறுப்பினர்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுந்து நிற்கச் சொல்லி எண்ணினார்கள், ஆதரவு 122, எதிர்ப்பு 11. யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்று தமிழ்நாட்டுக்கே தெரிந்தது. அதுவும் ஆட்சி நிற்குமா விழுமா என்ற கேள்வி என்பதால்தான். சாதாரண மசோதாக்களுக்கு அப்படி நடப்பதில்லை. 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி கொறடா உத்தரவை, அதாவது இந்தப் பக்கம்தான் ஓட்டுப் போட வேண்டும் என்ற கட்சியின் உத்தரவை, மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போகலாம் என்பதால், உறுப்பினருக்குத் தனிக் கருத்து இருந்தாலும் அது வாக்கில் தெரியப்போவதில்லை. ஆகவே ஒரு எம்.எல்.ஏ.வின் கொள்கையைத் தேடுகிறவர் அவருடைய வாயிலிருந்து வந்ததைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது: கேள்வி நேரத்தில் என்ன கேட்டார், ஒவ்வொரு துறையின் செலவுக்கும் அனுமதி கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் என்ன பேசினார், எதற்கு வெளிநடப்பு செய்தார்.

அதற்குச் சட்டமன்றப் பேரவையின் சொந்தத் தளம் இருக்கிறது, பேரவை நடவடிக்கைக் குறிப்புகளும் வெளியாகின்றன. தமிழிலேயே இருக்கும், அது பெரிய ஆறுதல். 2022 முதல் கேள்வி நேரத்தை நேரலையிலும் காட்டுகிறார்கள், எங்கள் தொகுதிக்குப் பாலம் வருமா, தாலுகா ஆஸ்பத்திரிக்கு டாக்டர் வருவாரா என்று கேட்கும் எம்.எல்.ஏ.க்களை நேரிலேயே பார்க்கலாம். ஆனால் ஒரு எம்.எல்.ஏ.வின் பெயரைத் தட்டி, ஐந்து வருடத்தில் எத்தனை நாள் வந்தார், எத்தனை கேள்வி கேட்டார், எதைப் பற்றிப் பேசினார் என்று ஒரே பக்கத்தில் பார்க்க எளிய வழி வேண்டும். எம்.பி.க்களுக்கு பி.ஆர்.எஸ். என்ற ஆய்வு அமைப்பு இதைச் செய்து காட்டியிருக்கிறது, வருகைப் பதிவு, கேள்விகள், விவாதங்கள் எல்லாம் அங்கே பெயர்வாரியாக இருக்கின்றன. மைநேதாவின் சொத்துப் பக்கத்தோடு அப்படிப்பட்ட பேரவைப் பக்கம் ஒன்றும் சேர்ந்தால்தான் எம்.எல்.ஏ.வைப் பற்றி ஓரளவு முழுசாகத் தெரிந்துகொண்டோம் என்று சொல்ல முடியும்.

இன்னும் ஒரு வழி சொல்கிறேன். 2022இல் முதல்வர் 234 எம்.எல்.ஏ.க்களிடமும், நீண்ட நாளாக நிறைவேறாத பத்து முக்கியக் கோரிக்கைகளை எழுதி மாவட்ட ஆட்சியரிடம் கொடுக்கச் சொன்னார், ‘உங்கள் தொகுதியில் முதலமைச்சர்’ திட்டத்துக்காக. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வித்தியாசம் இல்லை. ஒரு எம்.எல்.ஏ. எதை முக்கியம் என்று நினைக்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடையாது. புறவழிச்சாலையா, கல்லூரியா, குளம் தூர்வாருவதா, பாதாளச் சாக்கடையா என்று அந்தப் பத்து வரியிலேயே தெரிந்துவிடும். உங்கள் எம்.எல்.ஏ. கொடுத்த பட்டியல் உள்ளூர்ச் செய்தியில் வராமல் போயிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஆட்சியர் அலுவலகத்திடம் கேளுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதி எந்தெந்த வேலைக்குப் போனது என்பதையும் அதே மனுவில் சேர்த்துக் கேட்கலாம்.

தளத்தின் இன்னொரு குறை மொழி. தமிழில் எழுதிக் கொடுத்த பத்திரத்தையும் ஆங்கிலத்தில்தான் ஏற்றுகிறார்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது ஆளுக்கொரு எழுத்து வரும், இனிஷியல் முன்னாலா பின்னாலா என்ற குழப்பம் வேறு. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் ராமநாதபுரத்தில் ஓ. பன்னீர்செல்வத்தை எதிர்த்து அதே பெயரில் பல பேர் நின்றார்கள், பெயரை மட்டும் போட்டுத் தேடினால் அப்படிப்பட்ட இடத்தில் நிச்சயம் ஆள் மாறிப்போகும். அதனால் பெயரால் தேடாமல் தொகுதி வழியாகப் போங்கள், அப்பா பெயர், வயது இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். தமிழ் மூலப் பத்திரம் வேண்டுமென்றால் தேர்தல் ஆணையத்தின் பிரமாணப் பத்திரத் தளத்தில் கிடைக்கும். ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்கு நான் எப்போதும் அந்த மூலப் பத்திரத்தைத்தான் திறந்து கொடுப்பேன், கட்டம் கட்டமாக அவர்களே படித்துவிடுவார்கள், சர்வே எண்ணையும் கிராமத்தையும் பார்த்ததும் அந்த நிலம் யாருடையதாக இருந்தது என்றுகூடச் சிலர் சொல்வார்கள்.

அப்படி யாருக்காவது பத்திரத்தில் உள்ளது பொய் என்று உறுதியாகத் தெரிந்தால் என்ன செய்வது? மனு பரிசீலனையில் தேர்தல் நடத்தும் அலுவலர் உண்மையா பொய்யா என்று விசாரிக்க மாட்டார், கட்டங்களை வெறுமனே விட்டு, நினைவூட்டிய பிறகும் நிரப்பாமல் இருந்தால்தான் மனுவை நிராகரிப்பார். பொய்த் தகவல் கொடுத்தால் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும், ஆனால் அது தனியாக நீதிமன்றத்தில் நடக்க வேண்டிய வழக்கு. இதற்கிடையில் வாக்காளர் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நோட்டரியிடம் சத்தியம் செய்து எதிர்ப் பிரமாணப் பத்திரம் ஒன்றைத் தேர்தல் நடத்தும் அலுவலரிடம் கொடுக்கலாம், வேட்பாளரின் பத்திரத்தைப் போலவே அதையும் எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும் என்பது ஆணையத்தின் நடைமுறை. இந்த வழி இருப்பதே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. அப்படி வரும் எதிர்ப் பத்திரங்களை வேட்பாளரின் பக்கத்திலேயே, வழக்கு எண்ணிக்கைக்குக் கீழே ஒரு இணைப்பாகக் காட்டுங்கள் என்று மைநேதா நடத்துகிறவர்களிடம் கேட்டுக்கொள்கிறேன்.